கோட்டைக்குள் கால் வைக்காத குடும்பம்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். பள்ளிக்கூட மலருக்காம். கோட்டையின் சரித்திரம், உள்ளே பார்க்க வேண்டியவை, போய்வரத் தோதான நேரம், எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டுமாம். "கடற்காற்று, பின்னேர வெயில், அகழித் தண்ணியிலை மதில் தெரியிறது, உதுகளையும் சேர்த்து வடிவா எழுதுங்கோ ரீச்சர்" என்று மலருக்குப் பொறுப்பாக இருந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தால் கை எழுதமாட்டேன் என்கிறது. வடிவாம் வடிவு. அந்த மதிலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலருக்கு வேறு யாராவது எழுதட்டும். எனக்குத் தெரிந்த கோட்டையை நான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புத்தூர். ஐயா அந்தப் பகுதிக்கு உடையார். அரசாங்கத்துக்கும் ஊருக்கும் நடுவே நின்று வரி, காணி, சண்டை சச்சரவு எல்லாவற்றிலும் தலையிடுகிற உத்தியோகம் அது. அவருக்கு முன் அவருடைய தகப்பனார், அவருக்கு முன் அவருடைய தகப்பனார், இப்படியே டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலம் தொட்டே தலைமை உத்தியோகம் எங்கள் வீட்டை விட்டுப் போனதில்லை என்று ஐயா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்வார். அதோடு சேர்த்து இன்னொரு பெருமையும் சொல்வார். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை.

பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், நல்லூர்க் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த்தான் கோட்டை கட்டினார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மற்றவர்கள் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள், அலுவல் வந்தால் உள்ளே போய் வருவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதை ஒரு விரதமாக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கல் மதிலில் இருக்கிறது, எந்தக் கல் தரையில் கிடக்கிறது என்று யார் கண்டது? நாங்கள் மிதிக்கிற கல் கருவறைப் படியாக இருந்துவிட்டால்? ஆகவே உள்ளே போகவே கூடாது. அரசாங்க அலுவலகமான கச்சேரி கோட்டைக்கு வெளியே, நீதிமன்றம் வெளியே, பெரியகடை வெளியே. விரதம் காப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. பட்டணம் போகும்போது மதில் கண்ணில் பட்டால் அம்மா வண்டிலுக்குள் இருந்தபடியே கைகூப்புவார். சின்ன வயதில் நானும் கூப்பியிருக்கிறேன். நாங்கள் கும்பிடுவது கோயிலையா, கோயிலை இடித்தவனின் மதிலையா என்று ஒருநாள் கேட்டேன். ஐயா வாயிலேயே ஒன்று வைத்தார்.

அண்ணை என்னை விட ஐந்து வயது மூத்தவர். படிப்பை முடித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தடியில் ஒரு பொதுக்கிணறு இருந்தது. பெயர்தான் பொது. ஊரின் கடைசித் தெருவில் இருந்தவர்கள் அந்தக் கிணற்றில் கை வைத்துத் தண்ணீர் அள்ளக்கூடாது. குடத்தோடு வந்து தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஆட்களில் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறுங்குடம். அந்த வருடக் கோடை பொல்லாத கோடை. வாய்க்காலெல்லாம் வெடித்துக் கிடந்தது. அண்ணை காலையில் எழுந்து போய், நின்றவர்களுக்கெல்லாம் அள்ளி ஊற்றத் தொடங்கினார். கொஞ்ச நாளில், "நீங்களே அள்ளுங்கோ, ஆர் தடுக்கிறது எண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு விலகி நின்றார்.

தடுத்தது பெரியப்பா, ஐயாவின் கூடப்பிறந்த தமையன். இரவோடிரவாகக் கிணற்றைச் சுற்றி முள்வேலி அடைத்துவிட்டார். அண்ணை விடிந்ததும் போய் அதைப் பிடுங்கி எறிந்தார். பெரியப்பாவின் மகன் பொல்லோடு வந்தான். இழுபறியில் பொல்லு அண்ணையின் கைக்கு வந்தது. அவனுடைய கை முறிந்தது. இவ்வளவுதான் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பெரிய வெட்டுக்குத்தெல்லாம் ஒரு வெற்றிலைத் தட்டோடு முடிந்திருக்கிறது. ஐயா தமையன் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் வழக்கே வந்திராது. அவர் போகவில்லை. அந்த வருடம் அவருக்கு அரசாங்கம் கொடுக்கிற முதலியார் பட்டம் கிடைக்கும் என்று மாவட்டத்தை ஆண்ட ஏசண்டர் துரையின் கந்தோரில் யாரோ காதில் போட்டிருந்தார்கள். சொந்த மகனின் வழக்கிலும் உடையார் ஒரு பக்கம் சாயவில்லை என்று துரைமார் மெச்ச வேண்டும். அதற்காக நீதிமன்றத்தில் ஏறி நின்று, "அவன் என் சொல்லுக் கேளாத பிள்ளை" என்று சொன்னார். நீதவான் கடூழியச் சிறை போட்டார்.

சிறை, எங்கள் பேச்சில் மறியல், கோட்டைக்குள் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கோட்டைக்குள் கால் வைத்தவர் அண்ணை. விலங்கோடு வைத்தார்.

ஐயா வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மறியலிலை இருந்து வாறவன் இனி என்ரை படலையைத் திறக்கக்கூடாது."

மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, நடந்ததைக் கேள்விப்பட்டு ஒழுங்கு செய்தார். விடுதலையாகிற அன்றைக்கே அண்ணையை மாமாவின் கூட்டாளி ஒருவர் கோட்டை வாசலில் வைத்துக் கூட்டிப்போய் ரயிலேற்றுவார். கொழும்பில் கப்பல். அங்கே போனால் ஒரு வேலை பார்த்துக் கொடுக்கலாம். நல்ல ஒழுங்குதான். ஆனால் அம்மா அண்ணையைப் பார்ப்பதென்றால் மறியலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை விட்டால் பிறகு எந்தக் காலமோ, யாருக்குத் தெரியும்?

அம்மா கேட்டுப் பார்த்தார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

"எங்கை? கோட்டைக்குள்ளையோ? சாமியின்ரை கல்லை மிதிச்சுக்கொண்டு போய் ஒரு மறியற்காரனைப் பாக்கிற அளவுக்கு என்ரை குடும்பம் கெட்டுப் போகேல்லை. நீரும் போகப்படாது."

அந்தக் கல் அவருக்கு நல்ல கைகொடுத்தது. வெட்கம் என்று சொல்லியிருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார், சண்டை பிடித்திருப்பார். சாமி என்று சொன்னதும் அம்மாவுக்கு வாயடைத்துப் போயிற்று. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இடித்த கோயிலைத் திருப்பிக் கட்ட ஒரு கல் தூக்காதவர்கள், பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இருக்க அந்தக் கோயிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நான் அப்போது மிசன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சரித்திரம் படிப்பித்த ரீச்சர் மெதடிஸ்த குடும்பத்துப் பெண். நேராகக் கதைப்பவர். அவர் எங்கள் வகுப்பைக் கோட்டை பார்க்கக் கூட்டிப் போனார். வீட்டுக்கு நான் அறிவிக்கவில்லை.

அகழிக்கு மேலால் போய், மதிலுக்குள் குடைந்த இருட்டு வழியால் நுழைந்தால் சடாரென்று வெளிச்சம். உள்ளே பெரிய புல்வெளி, மரங்கள், ஒல்லாந்தரின் தேவாலயம், தேசாதிபதி என்கிற வெள்ளைக்கார ஆளுநர் வந்தால் தங்குகிற மாளிகை, ஒரு பக்கமாக மறியல். என் கால் கூசியது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு கோபத்திலும் கூசியது. மிதிக்கிற கல்லையெல்லாம் பார்த்துப் பார்த்து நடந்தேன். தேவாலயத்துக்குள் தரையிலேயே சமாதிக் கற்கள் பதித்திருந்தார்கள். ஒல்லாந்தத் துரைமார், அவர்களின் பெண்சாதிமார், மண்டையோடு, குடும்ப முத்திரை எல்லாம் செதுக்கிய பெரிய கற்கள். எங்கள் பெண்கள் அவற்றின் மேல் நின்றுகொண்டு ரீச்சர் சொல்வதைக் கேட்டார்கள். ஒருத்திக்கும் ஒரு பாவமும் வந்ததாக நான் அறியவில்லை.

ரீச்சர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. பறங்கியர் முதலில் சதுரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்து முற்றுகையிட்டுப் பிடித்து, பிறகு அதை இடித்துவிட்டு, ஐந்து மூலையாக இதைக் கட்டினார்கள். கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல்லை ஆட்கள் சுமந்து வந்தார்கள். சம்பளம் கிடையாது. ஊழியம் என்று பெயர். அரசாங்கத்துக்குச் சும்மா செய்ய வேண்டிய வேலை.

"சும்மா ஏன் ரீச்சர் செய்தவை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒல்லாந்தன் வீடு வீடாய்ப் போய்ப் பிடிச்சவன் எண்டு நினைக்கிறியளே பிள்ளையள்? அவனுக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. பிடிச்சுக் குடுத்தது எங்கடை தலைமைக்காரர்தான். அதுக்குத்தானே அவைக்கு உத்தியோகமும் காணியும் குடுத்தவங்கள்."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் என் முகம் சுட்டது. ஒல்லாந்தர் காலம் தொட்டு எங்கள் வீட்டை விட்டுப் போகாத உத்தியோகம் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சாமியின் கல்லை மிதிக்கமாட்டோம் என்று மார்தட்டுகிற குடும்பம், அந்தக் கோட்டையின் கல்லை மற்றவன் தலையில் ஏற்றிவிட்ட குடும்பம்.

"பிறகு இங்கிலீசுக்காரன் வந்தான்" என்று ரீச்சர் முடித்தார். "இவ்வளவு மதிலும் அகழியும் பீரங்கியும் வைச்சிருந்த ஒல்லாந்தன் ஒரு வெடி தீர்க்காமல் திறப்புக் கோர்வையைக் குடுத்திட்டுப் போட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேரின் முதுகை முறித்துக் கட்டிய மதில்! ஒரு நாள் சண்டைக்குக்கூட அது பயன்படவில்லை.

"ரீச்சர், கோயில் கல்லு எது?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? பறங்கி கட்டினதைத்தான் ஒல்லாந்தன் இடிச்சிட்டானே. எந்தக் கல்லு எங்கை போச்சுதோ."

அதற்குப் பிறகு நான் அவரைத் தனியே கூப்பிட்டு அண்ணையைப் பற்றிச் சொன்னேன். ரீச்சர் மற்றப் பிள்ளைகளைத் தேவாலயத்துக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, என்னைக் கையில் பிடித்து மறியல் வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே நின்றவரோடு இங்கிலீசில் கதைத்தார். என்ன கதைத்தாரோ, உள்ளே விட்டார்கள்.

அண்ணையின் தலையை மொட்டையடித்திருந்தார்கள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நீ எப்பிடி உள்ளை வந்தனி? சாமி கண்ணைக் குத்தேல்லையே?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கல்லுடைத்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு படிப்பைப் பற்றிக் கேட்டார். வீட்டு மாடு கன்று போட்டதா என்று கேட்டார். கடைசியாகத்தான் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அம்மா வருவாவே?"

நான் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லிக் கேக்கேல்லை. அம்மா ஒருக்கா வந்து முகத்தைக் காட்டினால் காணும். கப்பலிலை ஏறினால் பிறகு எந்தக் காலம் வாறனோ."

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் குசினி அடுப்படியில் வைத்துச் சொன்னேன். சாப்பிடுகிறானா, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிறதா, அடிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். திடீரென்று அவருக்கு நினைவு வந்தது.

"நீ உள்ளை போனனியோ?"

"ஓம்."

அம்மா எழும்பிச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்து, என்னைப் பின் வாசலில் நிற்க வைத்து, என் கால்களைக் கழுவத் தொடங்கினார். அழுதுகொண்டே கழுவினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"கழுவினால் போற பாவமெண்டால் நீங்களும் போய்ப் பாத்திட்டு வந்து கழுவுங்கோவன்!"

"எனக்கு வந்தால் வந்திட்டுப் போகட்டும் பிள்ளை. தாய் செய்த பாவம் பிள்ளையின்ரை தலையிலை எல்லோ போய் விழும். கடல் தாண்டிப் போறவன்."

அம்மா பயந்தது தனக்காக இல்லை. அவரைக் கட்டிப்போடுவதற்கு அதைவிட நல்ல கயிறு ஐயாவுக்குக் கிடைத்திருக்காது.

அந்த விடுமுறையிலேயே தேசாதிபதி யாழ்ப்பாணம் வந்தார். மணியகாரர், உடையார்மாருக்கெல்லாம் பின்னேரம் தேநீர் விருந்து என்று அழைப்பு வந்தது. ஐயா அதுவரைக்கும் செருப்போடுதான் திரிந்தவர். பெரியகடைக்குப் போய்ப் புதுச் சப்பாத்து வாங்கினார், கறுப்பு, முகம் தெரிகிற மினுக்கம். கோட்டுக்குப் பொத்தான் மாற்றினார். வாடகைக் கார் பிடித்தார். அம்மா தலைப்பாகைத் துணிக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தார். கார் போன பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன்.

"தேத்தண்ணி விருந்து எங்கை எண்டு தெரியுமே அம்மா?"

"தேசாதிபதியின்ரை மாளிகையிலையாம்."

"மாளிகை எங்கை இருக்குது?"

அம்மாவுக்குத் தெரியாது. பாவம், எப்படித் தெரியும்? கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னேன். மறியலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்றும் சொன்னேன். அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

ஐயா பொழுதுபட்ட பிறகு நல்ல சந்தோசத்தோடு வந்தார். பாண்டு வாத்தியம் அடித்தார்களாம். கேக் கொடுத்தார்களாம். தேசாதிபதி தன்னைப் பார்த்து இரண்டு தரம் தலையசைத்தாராம். படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்:

"மாளிகை கோட்டைக்குள்ளையாமே?"

ஐயாவின் கை சப்பாத்துக் கயிற்றில் நின்றது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உமக்கு உதெல்லாம் விளங்காது. மாளிகைப் பக்கம் முழுக்க ஒல்லாந்தச் செங்கல்லு. அவங்கள் தங்கடை ஊரிலை இருந்து கப்பலிலை கொண்டுவந்தது. சாமியின்ரை கல்லெல்லாம் மறியல் பக்கந்தான்."

கோயிலை இடித்தவன், பின்னால் வருகிற ஒரு உடையாருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, சாமியின் கல்லையெல்லாம் பொறுக்கி ஒரு பக்கமாக அடுக்கினானாம்! தேநீர் குடிக்கிற பக்கம் பாவமில்லை. பிள்ளை கிடக்கிற பக்கம் பாவம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார். அவருக்கே அது நம்பிக்கையாகவும் இருந்திருக்கும். தனக்கு வேண்டியதை நம்புவது எங்கள் ஆட்களுக்குக் கை வந்த கலை. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அடுத்த நாட்காலை அம்மா தோய்ந்துவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது.

"பிள்ளை, வெளிக்கிடு."

முற்றத்தில் ஐயா நின்றார். காணி அலுவலாக வந்த ஆட்கள் சிலரும் நின்றார்கள்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று ஐயா கேட்டார்.

"பிள்ளையைப் பாக்கப் போறன்" என்றார் அம்மா. "வந்துதான் சமைக்க வேணும்."

நின்ற ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்சாதியைத் தடுத்துச் சத்தம் போடுவது உடையாருக்கு அழகில்லை. ஐயா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். நாங்கள் படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தோம்.

பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். நீர்வேலியில் வாழைக்குலைகளை ஏற்றிக் கூரையில் அடுக்கும்வரை அது நின்றது. அம்மா பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணைக்குப் பனாட்டோ பலகாரமோ கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

கோட்டை வாசலில், அகழியைத் தாண்டுகிற இடத்தில், அம்மா நின்றார். பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே ஐயாவின் புதுச் சப்பாத்து. அதை நிலத்தில் வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலாக உள்ளே விட்டார். பிறந்த நாள் தொட்டு வெறுங்காலோடு நடந்தவர் அம்மா.

"என்னம்மா இது?"

"இதிலை அந்தப் பாவம் முந்தியே ஒட்டியிருக்குது. அது அவரின்ரை பாவம். இதிலையே கிடக்கட்டும். என்ரை பிள்ளைக்குப் போக வேண்டாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அம்மாவின் கால் சப்பாத்துக்குள் அங்குமிங்கும் வழுகியது. காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. இழுத்து இழுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டு வழியால் உள்ளே வந்தார். காவலுக்கு நின்றவன் பல்லைக் காட்டினான். புல்வெளியில் நின்ற இரண்டு துரைச்சானிமார் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு கல்லையும் குனிந்து பார்க்கவில்லை.

அண்ணை கம்பிக் கதவடிக்கு வந்து அம்மாவைக் கண்டதும் கம்பிக்குள்ளால் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்து, கொப்புளத்தையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை அம்மா."

"வராமல் விடுவனே மோனை? அங்கை போய் நேரத்துக்குச் சாப்பிடு. மாமாவோடை எதிர்த்துக் கதைக்காதை. மழைக்குள்ளை திரியாதை."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. காவற்காரன் நேரமாகிறது என்று சொல்லத் தொடங்கினான். அண்ணை அம்மாவின் கையை விடாமல் கேட்டார்:

"நேற்றுப் பின்னேரம் பாண்டு அடிச்சது இஞ்சை நல்லாக் கேட்டது. உடையார்மார் எல்லாரும் வந்தவையாம். ஐயாவும் வந்தவரே?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் வந்தார், கேக் தின்றார், தேநீர் குடித்தார், நீங்கள் கிடக்கிற பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை என்று முழுவதையும் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அம்மா என் கையைக் கிள்ளினார்.

"இல்லை ராசா. ஐயா வரேல்லை. கூப்பிட்டு விட்டவைதான். அவருக்குச் சாமியின்ரை கல்லெல்லோ, அதாலை போகேல்லை. இஞ்சை மட்டும் வந்திருந்தால் உன்னைப் பாக்காமல் போயிருப்பாரே?"

அண்ணை தலையைக் குனிந்தார். அம்மாவின் சேலைக் கரைக்குக் கீழே அந்தக் கறுப்புச் சப்பாத்து இரண்டும் மினுங்கிக்கொண்டு நின்றன. ஆண்பிள்ளைச் சப்பாத்து, புதுசு, அம்மாவின் காலுக்கு ஒன்றரை மடங்கு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை வாங்கக்கூடியவர் யார், எதற்காக வாங்குவார் என்று யோசிக்க அண்ணைக்கு அதிக நேரம் தேவைப்பட்டிருக்காது. அம்மாவுக்குத் தன் காலில் இருப்பது மறந்தே போயிற்று என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

அண்ணை நிமிர்ந்தார். "ஓம் அம்மா" என்றார். "வந்திருந்தால் பாத்திருப்பார்."

காவற்காரன் வந்து அவரைக் கூட்டிப் போனான்.

வீட்டுக்கு வந்து அம்மா சப்பாத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உலை வைத்தார். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. முதலியார் பட்டம் சாவகச்சேரிப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. அதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்ததை மறைக்க மாட்டேன்.

அண்ணை மாமாவின் ஒழுங்குப்படியே கோட்டை வாசலிலிருந்து ரயிலுக்குப் போனார், ரயிலிலிருந்து கப்பலுக்குப் போனார். மலாயாவில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கும் எனக்கும் கடிதம் போடுவார். பிறகு யுத்தம் வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்று போயிற்று. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்லூருக்குப் போனார், கோட்டையைக் கும்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்து, மலாயாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணையோடு வேலை பார்த்தவர். சீயம், அதுதான் தாய்லாந்து, பக்கம் காட்டுக்குள் ரயில் பாதை போட யப்பான்காரன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனான் என்றார். சம்பளமில்லை, மருந்தில்லை. மண்ணும் கல்லும் மரமும் சுமக்க வைத்தார்கள். அண்ணை அங்கே காய்ச்சலில் செத்துப் போனார் என்றார். யார் யாரைப் பிடிப்பது என்று யப்பான்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, "எங்கடை ஆக்களிலையும் சிலபேர் காட்டிக் குடுத்தவை தங்கச்சி" என்றார். ஊழியம் என்றால் என்ன என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்கும்போது நான் ஏன் சத்தம் போட்டுப் படிப்பிக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

வந்தவர் போன பிறகு அம்மா சுளகில் அரிசியைப் போட்டு வைத்துக்கொண்டு, புடைக்காமல் இருந்தார். ஐயா கதிரையில் இருந்தார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி, பல்லெல்லாம் போய், கிழவனாகிவிட்டார். அவர் அம்மாவைப் பார்க்காமலே கேட்டார்.

"அண்டைக்கு நீர் போய்ப் பாத்தபோது... அவன் என்னைப் பற்றி ஏதும் கேட்டவனே?"

"கேட்டவன்."

"என்ன சொன்னீர்?"

"பொய் சொன்னன்" என்றார் அம்மா. "அவன் நம்பேல்லை."